உடுத்திக் கழித்த சேலைகள்

ஒச்சம்மாவுக்கு முட்டி வீங்குனது அவ சம்பளம் கூடக் கேட்ட அன்னைக்குச் சாயங்காலம்தான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏன்னா காலையில பைபாஸ் ரோட்டைத் தாண்டி அமிர்தவர்ஷினி ஃப்ளாட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலைக்கு நடந்து போனோம், எனக்கு முன்னால எட்டு வச்சுப் போனவ, திரும்பி வரும்போது காம்பவுண்டுச் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்தா. உடம்புல புதுசா ஒரு பச்சைச் சேலை, புதுசுன்னா அவளுக்குத்தான் புதுசு, அவ பாத்திரம் தேய்க்கிற டாக்டர் வீட்டம்மா உடுத்திக் கழிச்சது. ஐநூறு ரூவா கூட்டிக் கொடுங்கம்மான்னு இவ கேட்டதுக்கு அந்தம்மா பீரோவைத் திறந்து சேலையை எடுத்துக் கையில வச்சு, அங்கனயே கட்டச் சொல்லி அழகு பார்த்திருக்காக. மறுநாள் பார்த்தா, வருசக் கணக்கா முட்டி வலின்னு லிஃப்டை விட்டு இறங்காத அந்தம்மா மாடிப்படியில திடுதிடுன்னு ஏறிப் போறாக, இங்க ஒச்சம்மா பாயில காலை நீட்டிப் போட்டுக் கிடக்கா.

அடுத்தது ரெண்டாவது மாடி வீட்டம்மாவோட ஒத்தைத் தலைவலி, ஊதாப் பூப்போட்ட வாயில் சேலையோட அது எங்க தெருவுக்கு வந்துச்சு. அப்பறம் ஒரு சுங்குடிச் சேலையில சர்க்கரை வந்துச்சு, ஒரு நைட்டியில இடுப்புப் பிடிப்பு வந்துச்சு, புருசன் செத்ததுலயிருந்து கண்ணை மூடாத ஒரு அம்மாவோட சாம்பல் கலர் சேலையில அவுக தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் மொத்தமா வந்துச்சு, அந்தம்மா நல்லாக் குறட்டை விட்டுத் தூங்க, சேலையைக் கட்டுனவ விடிய விடிய உக்காந்து யாருன்னே தெரியாத ஒரு ஆம்பளைய நினைச்சு அழுதா. கையில வாங்குனா ஒண்ணுமில்லை, கட்டுனாத்தான் வரும், ஒருதடவை வந்துருச்சுன்னா அவுத்துப் போட்டாலும் போகாது. உப்புத்தண்ணியில ஊறவச்சுப் பார்த்தோம், மஞ்சத்தண்ணியில அலசிப் பார்த்தோம், மிளகாயைச் சுத்தி அடுப்புல போட்டோம், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வர்றவர்கிட்ட மூட்டையா நீட்டுனோம். அமிர்தவர்ஷினி துணியான்னு கேட்டுட்டு அந்த மனுசன் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

ஃப்ளாட்டுலயும் சரி எங்க ஹவுசிங் போர்டுலயும் சரி, இதென்ன அதிசயம்னு யாரும் வாயைப் பிளக்கலை. இத்தனை காலமா அவுக அழுக்கு எங்க கைக்கு வந்துச்சு, அவுக எச்சித்தட்டு வந்துச்சு, இப்ப நோவும் வருது, அம்புட்டுத்தான்னு எங்க ஆளுக எடுத்துக்கிட்டாளுக. அங்கயோ ஒரு வார்த்தை வெளியில சொல்லாம எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. புதுச்சேலை கொடுத்தா ஒண்ணும் போகாதுன்னு கண்டுபிடிச்சு, புதுசை ஒரு நாள் அவுகளே உடுத்திட்டுக் கொடுத்தாக. ஆம்பளைக தங்களோட சட்டையைக் கார் துடைக்கிறவருக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்தாக, வாட்ச்மேன் ஒரே வாரத்துல ரெண்டு பேரோட இருமலை இருமுனாரு. அப்பறம் அசோசியேசன்காரவுக, ஒருத்தருக்கே எல்லாரும் கொடுத்தா ஆள் படுத்துக்கிருதுன்னு, யாரு யாருக்கு எப்பக் கொடுக்கணும்னு முறை வச்சாக, அதை லிஃப்டு பக்கத்துல நோட்டீஸாவும் ஒட்டுனாக, அதுக்கு மேல 'அன்பளிப்பு'ன்னு பூப்போட்டு எழுதியிருந்துச்சு. அடப் பாவிகளா, பூ ஒரு கேடா!

நான் முத்துப்பேச்சி. நாலாவது மாடியில மூணு வீடு பார்க்குறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், குழம்பு நல்லாயில்லைன்னா அந்த வீட்டுக்காரவுக மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன், அதனால எனக்கு எந்தக் காலத்துலயும் யாரும் ஒரு கிழிஞ்ச துண்டு கூடக் கொடுத்ததில்லை. அப்ப அதுக்கு வருத்தப்பட்டிருக்கேன். என் தங்கச்சி நாகஜோதி அப்படியில்லை, அவ வாயில்லாப் பூச்சி, ஆறாவது மாடியில திலகவதி அம்மா வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாலருந்தே வேலை செய்யுறா. அவளுக்கு ரெண்டு பிள்ளை வயித்துல தங்காமப் போயி, மூணாவதா ஒண்ணு நின்னு ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. திலகவதி அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ஆசுபத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வருவாக, காலு ரெண்டும் வீங்கி, தோலு மினுமினுன்னு, தாகத்துக்குக் கூட அளந்துதான் தண்ணி.

நான் பயந்துட்டேன். பாத்திரம் கழுவும்போது பயம், சோறு திங்கும்போது பயம், வேலையை விட்டுருடின்னு சொன்னா, இந்த வயித்தோட வேற எந்த வீட்டுலக்கா எடுப்பாகன்னு அவ கேக்குறா. அவ புருசனுக்குக் கட்டடத்துல சென்ட்ரிங் வேலை, மழை பெஞ்சா அதுவும் கிடையாது. ஒவ்வொரு நாளும் அவ ஆறாவது மாடியிலயிருந்து இறங்கி வரும்போது அவ மூஞ்சியப் பார்க்க மாட்டேன், என்ன சேலை கட்டியிருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன். பழைய மஞ்சள் சேலையைக் கண்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.

அந்த மாசத்துலதான் எங்க கூட ஃப்ளாட்டுக்கு வேலைக்கு வர்ற பாண்டியம்மா செத்தா. ஒரு வீட்டம்மாவோட இருதயம் அவளுக்கு வந்துருச்சு, எங்களுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும். மாடியில துணி காயப்போட்டவ கொடியைப் பிடிச்சமேனிக்கு உக்காந்தா, அதோட சரி. அந்த வீட்டம்மா மாலை வாங்கிக்கிட்டு எங்க ஹவுசிங் போர்டுக்கே வந்தாக, மூணு மாடி ஏறி வந்தாக, மேல்மூச்சு கீழ்மூச்சு ஒண்ணுமில்லாம நின்னு, நல்ல பொண்ணு, எங்க வீட்டுல ஒரு ஆள் மாதிரி இருந்தான்னு சொல்லி அழுதாக. நெசமாத்தான் அழுதாக, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடிப்போச்சு, ஏன்னா வேணும்னு கெடுதல் செய்யுறவுககிட்ட சண்டை போட்டுறலாம், இப்படி அழுறவுககிட்ட என்னத்தப் பேச?

எங்களுக்கு வழி தெரிஞ்சது லூர்துவாலதான். அவ கீழ்வீட்டுல ரிட்டையர்டு நர்ஸ் ஹமீதா அம்மாகிட்ட வேலை செய்யுறவ. அமிர்தவர்ஷினியில ஒரு வீட்டு வேலைக்கு இவ்வளவுதான்னு அசோசியேசன் ஒரு ரேட்டு வச்சிருக்கு, அதுக்கு மேல எந்த வீடும் கொடுக்கக் கூடாது, கொடுத்தா மத்தவளுக எல்லாம் கேப்பாளுகன்னு. ஹமீதா அம்மா மட்டும் அதைக் காதுல போட்டுக்காம ரெட்டிப்பாக் கொடுத்தாக, ஞாயித்துக்கிழமை லீவு கொடுத்தாக, காய்ச்சல்ல படுத்தாச் சம்பளத்தைப் பிடிக்க மாட்டாக. ரேட்டைக் கெடுக்குறீங்கன்னு செகரட்டரி அவுக வீட்டு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனதும் உண்டு. அந்த ஹமீதா அம்மாவுக்கு ஆஸ்துமா. கிறிஸ்துமஸுக்கு அவுக தன்னோட சேலை ஒண்ணை லூர்துக்குக் கொடுத்திருக்காக, செகரட்டரி கத்துனதுலருந்து ஃப்ளாட்டுல யாரும் அவுககிட்டப் பேசாததால இந்தக் கூத்து எதுவும் தெரியாம. லூர்து அதைக் கட்டிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போயி, நாங்கள்லாம் எப்ப இவளுக்கு மூச்சு இளைக்கும்னு பார்த்துக்கிட்டே நிக்க, பூசை முடியிற வரைக்கும் முழுத் தொண்டையில பாட்டுப் பாடிட்டு வந்தா. இருமல் கூட இல்லை.

அன்னைக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சுச்சு. சும்மா கொடுத்த சேலை வெறும் சேலைதான், சம்பளத்துக்குப் பதிலாக் கொடுத்தாத்தான் அதுல நோவு ஏறி வருது. புரிஞ்சதும் கூட்டமா அசோசியேசன்ல போயி நின்னோம். செகரட்டரி நல்ல மனுசன் மாதிரித்தான் பேசுனாரு. காபி கொடுக்குறோம், மிஞ்சுனதைக் கட்டிக் கொடுக்குறோம், சேலை கொடுக்குறோம், அதையெல்லாம் சேர்த்துப் பாருங்கம்மா, அதுவும் சம்பளந்தானேன்னு கேட்டாரு. அவரு வாயாலயே சொல்லிட்டாரு. ஒச்சம்மா மட்டும் விடலை, அவ டாக்டர் வீட்டுக்கு நொண்டிக்கிட்டே போயி வாசல்லயே உக்காந்துட்டா, அந்த வீட்டு டாக்டருக்கு மானம் போகுதேன்னு கடைசியில கூட்டிக் கொடுத்தாரு, விட்டுப்போன மாசங்களுக்கும் சேர்த்து. பணத்தை வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சவ நேரா நடந்து வந்தா. அன்னைக்குச் சாயங்காலமே டாக்டர் வீட்டம்மா மறுபடியும் லிஃப்டுக்காகக் காத்துக்கிட்டு நின்னாக.

அப்ப, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தா நோவு திரும்பிப் போயிரும். அது தெரிஞ்சதும் என் பயம் குறையலை, கூடத்தான் செஞ்சுச்சு. முட்டி வலியத் திரும்ப வாங்கிக்க ஒரு மனுசி சம்மதிக்கலாம், செத்துப்போற நோவை யாரு வாங்கிக்குவா?

தங்கச்சிக்கு வளைகாப்பு வச்சோம். வேலை செய்யுற வீட்டுல சொல்லாம இருக்க முடியாதேன்னு இந்தக் கிறுக்கச்சி திலகவதி அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருந்தா அவ வாயைத் தச்சிருப்பேன். ஹவுசிங் போர்டுல எங்க வீட்டு முன்னால வராண்டாவுல பாயை விரிச்சு, ஏழு வகைச் சோறும் கிண்டி வச்சு, தங்கச்சியை உக்கார வச்சுச் சந்தனம் பூச ஆரம்பிச்சப்பக் கீழ கார் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. திலகவதி அம்மா ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறி வந்தாக. வெள்ளைத் துணி சுத்துன கால், மூச்சு வாங்குது, நெத்தியில பெரிய பொட்டு. பின்னால பெங்களூருலருந்து வந்த அவுக மக ஸ்வேதா தாம்பாளத்தோட வந்துச்சு. தாம்பாளத்துல தேங்காய், வெத்தலை, கண்ணாடி வளையல், எல்லாத்துக்கும் மேல மாங்காய்க் கரை போட்ட அரக்குப் பட்டு.

எங்கள்ல வளைகாப்புச் சேலையை வேண்டாம்னு சொல்லக் கூடாது, சொன்னா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. கையில வாங்கி உள்ள வச்சிறவும் முடியாது, கொண்டாந்தவுக கண்ணு முன்னால அதைக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தாத்தான் அடுத்த வளையல் போடுவாக. வந்திருந்த பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் இது தெரியும், அந்தப் பட்டு எந்த வீட்டுலருந்து வருதுன்னும் தெரியும். சந்தனம் பூசுன கைக அப்படியே நின்னுபோச்சு. இம்புட்டு நாளா ஊரையே ஏசுன வாயை வச்சுக்கிட்டு, நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஓரமா நகட்டி வச்சேன்.

"ஒரே ஒரு தடவைதான் கட்டுனேன் கண்ணு, எங்க அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது"ன்னாக திலகவதி அம்மா. "உன்னை வேலைக்காரியாவா நினைச்சோம்? எம் பொண்ணு மாதிரின்னு நினைச்சுத்தான் கொண்டாந்தேன்."

அவுக கண்ணுல தண்ணி நின்னுச்சு. அந்தம்மா பொய் சொல்லலை. நாகஜோதிக்கு அம்மை போட்டப்ப இளநி வாங்கிக் கொடுத்தவுக, கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுத்தவுக. சம்பளம் மட்டும் அவ குமரியா வேலைக்குப் போனப்ப என்னவோ கிட்டத்தட்ட அதேதான். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவ திலகவதி அம்மாவையும் பார்க்கலை, சேலையையும் பார்க்கலை, தாம்பாளத்தைப் பிடிச்சிருந்த அந்த மகளோட கையைப் பார்த்துக்கிட்டிருந்தா. ஸ்வேதா தாம்பாளத்தோட விளிம்பை ரெண்டு விரல் நுனியால மட்டும் பிடிச்சுக்கிட்டு, உடம்பைப் பின்னால சாச்சு, பட்டு தன் மேல பட்டுறாம நின்னுச்சு. முந்தானை லேசாச் சரிஞ்சு அதோட மணிக்கட்டுக்கு வரவும், வெடுக்குன்னு கையை இழுத்துக்கிச்சு. தேங்காய் உருண்டு கீழ விழுந்துச்சு.

நாகஜோதி ரெண்டு கையையும் வயித்து மேல வச்சுக்கிட்டா.

"சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துட்டு அப்பறமா இதைக் கொடுங்கம்மா. கட்டாயம் கட்டிக்கிறேன்."

அம்புட்டுத்தான் சொன்னா. சத்தமாக்கூடச் சொல்லலை. ஆனா அங்க நின்ன எல்லாருக்கும் அதோட அர்த்தம் தெரியும். அந்தம்மா பர்ஸைத் திறந்து கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டா, பட்டு வெறும் பட்டாயிரும், கிட்னி அவுக கிட்னியாவே அவுக உடம்புலயே இருக்கும், அவுக சாவு அவுகளுக்கே. கொடுக்கலைன்னா, நான் எதுக்காக இதைக் கொண்டாந்தேன்னு இத்தனை பேருக்கு முன்னால சொன்ன மாதிரி ஆயிரும். எனக்கு அந்தம்மா மேல பாவமா இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுகையே வந்துச்சு. பர்ஸு கையிலதான் இருந்துச்சு. அதோட ஜிப்பு மேல கட்டைவிரலை வச்சாக. வச்சபடியே இருந்தாக. கீழ தண்ணி லாரி வந்து, குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறவுக பேசுறது எல்லாம் மேல கேட்டுச்சு. அப்பறம் விரலை எடுத்துட்டாக.

போலாம்மான்னு மக சொல்லுச்சு. வந்த தாம்பாளத்தை வந்தபடியே தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் இறங்கிப் போனாக. வளைகாப்புத் தட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனா நல்லதில்லைன்னு பெரியவுக வாயைப் பொத்திக்கிட்டாக. அன்னையிலருந்து பிரசவம் வரைக்கும் நான் கும்பிடாத சாமியில்லை. ஆசுபத்திரியில பிள்ளையைத் துணியில சுத்தி வெளிய கொண்டாந்தப்ப எல்லாரும் ஆணா பொண்ணான்னு எட்டிப் பார்க்க, நான் அதோட காலைப் பிடிச்சு விரலால அமுக்கிப் பார்த்தேன். வீக்கம் இருந்தாக் குழி விழும், விழலை. பஞ்சு மாதிரி எம்பிக்கிட்டு வந்துச்சு. அப்பறம் அதைக் கேட்டு, எங்கக்காளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நாகஜோதி சிரிச்சா, பொம்பளைப் பிள்ளைன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் மண்டையில ஏறுச்சு.

அதுக்குப் பிறகு தங்கச்சி சொன்ன அந்த வார்த்தையை எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாளுக. சேலையை நீட்டுனா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கூட்டிக் கொடுத்துட்டுக் கொடுங்கம்மாங்குறது. சில வீட்டுல கூட்டிக் கொடுத்தாக, அவுக நோவு அவுககிட்டத் திரும்பிப் போச்சு, மாத்திரையைப் போட்டுக்கிட்டு முனகிக்கிட்டு மனுசங்களா இருந்தாக. சில வீட்டுல எங்களை நிப்பாட்டிட்டாக. திலகவதி அம்மா வீட்டுல தங்கச்சிக்குப் பதிலா வேற ஆள் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன், வடக்கேயிருந்து ஏஜெண்டு கூட்டியாந்த பொண்ணு, வீட்டோடயே தங்குதுன்னாக. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். தங்கச்சி பிள்ளை தப்பிச்சதுன்னு நான் நிம்மதியாத் தூங்குனேன்.

போன வாரம் வேலைக்காரவுக போற சின்ன லிஃப்டுல ஏறுனேன், உள்ள அந்தப் பொண்ணு நின்னுச்சு. ஒரு கையில மாப்பு, ஒரு கையில வாளி, உடம்புல அரக்குப் பட்டு, மாங்காய்க் கரை. இருபது வயசு இருக்கும். நான் பார்க்குறதைப் பார்த்துட்டு, சேலை நல்லாயிருக்கான்னு கேக்குற மாதிரி முந்தானையை மாப்பு பிடிச்ச கையாலயே நீவி விட்டுக்கிட்டுச் சிரிச்சுச்சு. உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. நான் கீழ பார்த்தேன். ரெண்டு காலும் வீங்கி, செருப்பு வாரு சதைக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு, தோலு மினுமினுன்னு இருந்துச்சு. லிஃப்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். போகாதுன்னு தெரிஞ்சும் அவுத்துப் போடுடின்னேன், ஓடிப் போயிருடின்னேன், பாண்டியம்மாவைப் பத்திச் சொன்னேன், ஒண்ணும் அதுக்கு விளங்கலை, என் சத்தத்தைக் கேட்டு மூலையில ஒதுங்குச்சு. ஐயோ, பயமுறுத்துறேனேன்னு குரலைத் தணிச்சு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டுனேன். உலகத்துல எல்லா ஊருக்கும் தெரிஞ்ச சைகைதானே அது. உனக்கு எம்புட்டும்மா கொடுக்குறாக? சம்பளம், எம்புட்டு?

அதுக்குப் புரிஞ்சிருச்சு. மூஞ்சி மலர்ந்துச்சு. வாளியையும் மாப்பையும் கீழ வச்சுட்டு, ரெண்டு கையாலயும் முந்தானையை எடுத்து விரிச்சு, ஜரிகை தெரியுற மாதிரி என் முன்னால நீட்டிக் காட்டுச்சு.

ஆறாவது மாடியில கதவு திறந்துச்சு. வீட்டுக்குள்ளேயிருந்து திலகவதி அம்மா யாருகூடவோ சிரிச்சுப் பேசிக்கிட்டே சரசரன்னு நடக்குற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு வாளியை எடுத்துக்கிட்டு இறங்கப் பார்த்துச்சு. நான் அதோட கையைப் பிடிச்சேன், விடலை.